வீடு மாற்றம்: நான்கு வழிகளும் அவற்றில் யார் தலையில் என்ன விழும் என்பதும்

வீடு மாற்றுவது என்று முடிவாகித் தேதியும் குறித்த பிறகு பெரும்பாலோர் தயங்கி நிற்கும் இடம் ஒன்றுதான். சாமான்களைத் தாங்களே கட்டி, ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து ஏற்றிக்கொண்டு போவதா? கட்டும் வேலையைத் தாங்கள் பார்த்துக்கொண்டு, ஏற்றி இறக்க மட்டும் ஆட்களை வைப்பதா? கட்டுவது முதல் புது வீட்டில் இறக்கி வைப்பது வரை எல்லாவற்றையும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனத்திடம் விட்டுவிடுவதா? அல்லது பெரிய பொருள்களை விற்றுவிட்டுப் போகுமிடத்தில் புதிதாக வாங்கிக்கொள்வதா? நான்கு பேரிடம் விலை கேட்டு, இருப்பதிலேயே குறைந்த தொகைக்குச் சரி என்று சொல்லிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆனால் இவை ஒரே வேலைக்கான நான்கு விலைகள் அல்ல. ஒவ்வொரு வழியிலும் வேலையின் வேறொரு பங்கு உங்கள் தலையில் விழுகிறது. பொருள் உடைந்தால் யாரைக் கேட்பது என்பதும் மாறுகிறது. ஆகவே தொகையை ஒப்பிடுவதற்கு முன் பொறுப்பை ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் பார்க்கும்போது, சிக்கனமானது என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கும் இரண்டாம் வழிதான் அதிகக் கவனத்தைக் கேட்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் சாமான்களின் கொள்ளளவு. வீட்டில் என்னென்ன இருக்கின்றன என்று யாராவது கேட்டால் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், சோபா, வாஷிங் மெஷின் என்று கண்முன் நிற்பவற்றைச் சொல்வோம். பரணில் ஏற்றியதும், கட்டிலுக்கு அடியில் தள்ளியதும், பால்கனி மூலையில் குவித்ததும் நினைவுக்கு வராது. வண்டி போதாமல் போவதற்கும், பேசிய தொகை கடைசி நாளில் ஏறுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு பெரிய பொருள்களின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிக் கூட்டிவிட்டால் ஏறக்குறைய சரியான கணக்கு கிடைத்துவிடும். ஆறரை அடி உயரமும் மூன்றடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள பீரோ சுமார் 29 கன அடி. ஒரு கன மீட்டர் என்பது சுமார் 35 கன அடி. கப்பலிலும் லாரியிலும் போகும் வழக்கமான இருபதடி கன்டெய்னரின் உட்புறம் சுமார் 33 கன மீட்டர். இந்த எண்கள் கையில் இருந்தால், ‘எல்லாம் ஒரே வண்டியில் போய்விடும்’ என்று சொல்பவரிடம் வண்டியின் உள்ளளவைக் கேட்டு நீங்களே சரிபார்க்கலாம். கூட்டி வந்த கன அடியின் மேல் கால் பங்கு சேர்த்துக்கொள்வது நல்லது. நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவே இடம் வீணாகாமல் அடுக்க யாராலும் முடியாது.

அடுத்தது தூரமும் வாசலும். தூரத்தை எல்லோரும் பார்ப்பார்கள், வாசலை மறந்துவிடுவார்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, வண்டி நுழைய முடியாத சந்து, திரும்பும் இடத்தில் குறுகும் படிக்கட்டு, சாமான் ஏற்ற லிஃப்டை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லும் அடுக்கக நிர்வாகம் ஆகியவை சேர்ந்து, ஐம்பது கிலோமீட்டர் சாலைப் பயணத்தைவிட அதிக நேரத்தையும் கூலியையும் தின்றுவிடக்கூடும். இரண்டு வீடுகளின் வாசலையும் பார்க்க வேண்டும். புது வீட்டின் கதவு அகலத்தை அளக்காமல் சோபாவை ஏற்றி அனுப்புவது பெருந்துன்பம்.

மூன்றாவது, மேலே சொன்ன பொறுப்பு. நான்காவது, உங்கள் நேரமும் உடம்பும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், சுமை தூக்குவதற்கான தன் கணக்கை 1991இல் திருத்தியபோது, எல்லாம் சாதகமாக இருக்கும் நிலையில்கூட ஒருவர் கையால் தூக்கும் எடைக்கு 23 கிலோவை உச்சமாக வைத்தது. சாதகமான நிலை என்றால் சுமை உடம்பை ஒட்டியும் இடுப்பு உயரத்திலும் இருக்க வேண்டும், உடம்பைத் திருப்பக் கூடாது, அடிக்கடி தூக்கவும் கூடாது. வீடு மாற்றும் நாளில் இவற்றில் ஒன்றுகூட அமையாது. 45 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள அட்டைப்பெட்டி சுமார் 40 லிட்டர் கொள்ளும். அதில் புத்தகங்களை நெருக்கமாக அடுக்கினால் அந்த 23 கிலோவை எளிதில் தாண்டிவிடும்.

கடைசியாக, தேதியின் உறுதி. பழைய வீட்டுச் சாவியை ஒப்படைக்கும் நாளும் புது வீட்டுச் சாவி கைக்கு வரும் நாளும் ஒன்றாக இருந்தால், ஒரு நாள் தாமதத்தைக்கூட உங்களால் தாங்க முடியாது. இரண்டு வாரம் இரு வீடுகளும் கையில் இருக்குமானால் கணக்கே வேறு.

## வழி ஒன்று: நீங்களே கட்டி, நீங்களே கொண்டுபோவது

சாமான் குறைவாக இருந்து, தூரமும் குறைவாக இருந்து, இரு வாசல்களும் எளிதாக இருந்தால் இதற்கு இணையான வழி வேறில்லை. ஒற்றை அறையில் தங்கியிருப்பவர், அறைகலன்களுடன் வாடகைக்கு விடப்பட்ட வீட்டிலிருந்து கிளம்புபவர், இரு சாவிகளையும் சில நாள்கள் ஒருசேர வைத்திருப்பவர் ஆகியோருக்கு மற்ற வழிகளைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. அவசரமில்லாமல் பகுதி பகுதியாகக் கொண்டுபோகலாம். சமையலறையைக் கடைசியில் காலி செய்யலாம். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்பதும் உங்களுக்கே தெரியும்.

தூரம் கூடியவுடன் இந்தச் சாதகம் தலைகீழாகிறது. சிறிய வண்டியில் நான்கு நடை போவது பக்கத்துத் தெருவுக்குச் சரி; நூறு கிலோமீட்டர் என்றால் அதே நான்கு நடை, திரும்பி வரும் காலி வண்டியையும் சேர்த்து எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டம். அப்போது பெரிய வண்டி வேண்டும். அதை ஓட்ட உங்கள் ஓட்டுநர் உரிமம் அனுமதிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது, கட்டும் பொருள்கள். பெட்டி, டேப், பபிள் ஷீட், கயிறு, பழைய செய்தித்தாள் என்று தனித்தனியாகப் பார்க்கும்போது அற்பமாகத் தோன்றுபவை கூட்டிப் பார்த்தால் வண்டி வாடகையில் கணிசமான பங்குக்கு வந்துவிடும். கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் பெட்டிகள் துணிமணிக்குப் போதும். ஒரு முறை ஈரம் பட்ட அட்டை வலுவிழந்துவிடுவதால், பாத்திரம் அடுக்கிய பெட்டிகளுக்கு அவற்றை நம்ப வேண்டாம். இரண்டாவது, விடுப்பு. கட்டுவதற்கும் ஏற்றுவதற்கும் பிரிப்பதற்கும் போகும் நாள்களின் சம்பளத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை; நாள்கூலிக்கோ, தனித்தொழிலிலோ இருப்பவர்களுக்கு இதுவே மிகப்பெரிய செலவாக இருக்கும். மூன்றாவது, காப்பீடு. வாடகை வண்டியின் காப்பீடு வழக்கமாக வண்டிக்கானது. அதற்குள் இருக்கும் உங்கள் டிவிக்கானது அல்ல. உடைந்தால் உங்களோடு போயிற்று.

உதவிக்கு வரும் நண்பர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் அன்போடு வருகிறார்கள்; ஆனால் பீரோவைப் படியில் இறக்கத் தெரிந்தவர்களாக வருவதில்லை. கனமான பொருளைச் சாய்த்து, கீழ்ப்படியில் நிற்பவர் மேல் முழு எடையும் விழாமல் இறக்குவது பழக்கத்தால் வரும் வேலை. நண்பர்களைப் பெட்டிகளுக்கு வைத்துக்கொண்டு, பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் மட்டும் இரண்டு தொழிலாளர்களைச் சில மணி நேரத்துக்கு அமர்த்துவது, இந்த வழிக்குள்ளேயே செய்யக்கூடிய நல்ல திருத்தம்.

## வழி இரண்டு: கட்டுவது நீங்கள், சுமப்பது அவர்கள்

காகிதத்தில் பார்த்தால் இதுதான் நடுநிலையான தேர்வு. கட்டும் வேலை நேரத்தைக் கேட்கிறதே தவிர வலுவைக் கேட்பதில்லை. அதை மாலை நேரங்களில் சிறிது சிறிதாகச் செய்துவிடலாம். வலுவும் வண்டியும் வேண்டிய பகுதியை மட்டும் கூலிக்கு விடுகிறோம். முழுச் சேவைக்கு ஆகும் தொகையில் நல்ல பங்கு மிச்சமாகிறது. நடுத்தரக் குடும்பங்கள் பலவும் இந்த வழியில்தான் போகின்றன. ஒழுங்காகச் செய்தால் போகவும் வேண்டும்.

சிக்கல் பொறுப்பில் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் தட்டுகள் உடைந்திருக்கின்றன. சுமந்தவர், ‘உள்ளே சரியாகக் கட்டவில்லை’ என்பார். கட்டிய நீங்கள், ‘கீழே போட்டிருப்பார்கள்’ என்பீர்கள். இருவரில் யார் சொல்வது சரி என்று அந்தப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதனால்தான் வீட்டுக்காரரே கட்டிய பெட்டிக்குள் உடைந்தவற்றுக்கு இழப்பீடு இல்லை என்ற விதி, சரக்கு ஒப்பந்தங்களிலும் காப்பீட்டிலும் பரவலாக இருக்கிறது. பெட்டியே காணாமல் போனால் கேட்கலாம். பெட்டி வந்து சேர்ந்து உள்ளிருப்பது உடைந்திருந்தால் கேட்க முடியாது. இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர், உடையும் பொருள்களைப் பொறுத்தவரை காப்பீடே இல்லாமல் போகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கட்டும் திறமைதான் இங்கே காப்பீடு. தட்டுகளைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மேலே உள்ளவற்றின் எடை முழுவதும் அடித்தட்டின் நடுவில் இறங்கும். ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்தால் அதிர்ச்சியைத் தாங்கும். பெட்டியின் அடியில் கசக்கிய தாளை மெத்தைபோலப் பரப்பி, தட்டுகளுக்கு இடையிலும் மேலேயும் காலியிடம் இல்லாமல் நிரப்பி, மூடிய பிறகு லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே எதுவும் நகரும் ஓசை வந்தால் திறந்து மீண்டும் நிரப்புங்கள். பாதி காலியாக விட்ட பெட்டிக்கு மேல் இன்னொரு பெட்டி ஏறினால் அட்டை உள்வாங்கி நசுங்கும். அந்த நசுங்கலில் உடைபவையே அதிகம். பெட்டியின் மேல்பக்கத்தில் மட்டும் எழுதினால் அடுக்கிய பின் தெரியாது. பக்கவாட்டில், எந்த அறைக்கு உரியது என்பதை முதலிலும் உள்ளிருப்பதை அடுத்தும் எழுத வேண்டும்.

கூலி பேசுவதிலும் கவனம் தேவை. ஏற்றுகூலியும் இறக்குகூலியும் சேர்ந்ததா, தனித்தனியா? எத்தனை பேர் வருவார்கள்? ஓட்டுநர் கைகொடுப்பாரா, வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாரா? மாடிக்கு மாடி கூடுதல் உண்டா? காத்திருப்புக்கு எவ்வளவு? மணிக்கணக்கில் பேசியிருந்தால், ஆட்கள் வந்து நிற்கும்போது நீங்கள் இன்னும் சமையலறையைக் கட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கூலிதான். முந்தின இரவே கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டி முடித்துவிட வேண்டும் என்பது இந்த வழியின் அடிப்படை விதி. அதைக் காப்பாற்ற முடியாது என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால், மணிக்கணக்கை விட்டுவிட்டு மொத்தமாகப் பேசுங்கள்.

## வழி மூன்று: முழுப் பொறுப்பையும் நிறுவனத்திடம் விடுவது

வெளியூர் மாற்றம், சிறு குழந்தைகளோ முதியவர்களோ உள்ள வீடு, விடுப்பு எடுக்க முடியாத வேலை, மாற்றச் செலவை ஏற்கும் அலுவலகம் என்று ஏதேனும் ஒன்று இருந்தால் இந்த வழியே பொருத்தம். பழகிய குழு ஒரு நடுத்தர வீட்டை ஒரே நாளில் கட்டி ஏற்றிவிடும். அவர்களே கட்டுவதால், பெட்டிக்குள் உடைந்ததற்கும் அவர்களிடம் கேட்க இடமிருக்கிறது. கட்டணத்தின் பெரும்பகுதி இதற்காகத்தான் என்று எடுத்துக்கொண்டால், இந்தச் சேவையை வாங்கிவிட்டுப் பொறுப்பைப் பற்றிய விதிகளைப் படிக்காமல் கையெழுத்திடுவது எவ்வளவு வீண் என்பது புரியும்.

‘இன்சூரன்ஸ் உண்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட வேண்டாம். நிறுவனம் தானாக ஏற்கும் பொறுப்பு வேறு. காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் உங்கள் பெயரில் எடுக்கப்படும் போக்குவரத்துக் காப்பீடு வேறு. முதல் வகை சில ஒப்பந்தங்களில் பொருளின் எடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அப்படியானால் எடை குறைந்த லேப்டாப்புக்குக் கிடைப்பது கனமான இரும்புக் கட்டிலுக்குக் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கும். இரண்டாம் வகையில் நீங்கள் சொல்லும் மதிப்பே அடிப்படை. பிரீமியத்தைக் குறைக்க மொத்த மதிப்பைப் பாதியாகச் சொல்லிவிட்டால், நேர்ந்த இழப்பிலும் பாதியை மட்டுமே தருவோம் என்னும் விதி பல காப்பீடுகளில் உண்டு. உடைந்த ஒரு பொருளின் விலை நீங்கள் சொன்ன மொத்தத்துக்குள் அடங்குகிறதே என்று அப்போது வாதாடிப் பயனில்லை.

அடுத்து, வண்டி உங்களுக்கு மட்டுமா, பங்கு வண்டியா என்பது. குறைந்த தொகை சொல்பவர் பெரும்பாலும் பல வீட்டுச் சாமான்களை ஒரே லாரியில் சேர்த்து அனுப்புபவராக இருப்பார். அதில் தவறில்லை, தேதியில் நெகிழ்வு உள்ளவருக்கு அது நல்ல மிச்சம். ஆனால் சாமான் நடுவழியில் கிடங்கில் இறங்கி வேறு வண்டியில் ஏறக்கூடும். ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் இடிபடும் வாய்ப்பு கூடுகிறது. வந்து சேரும் நாளும் ஒரு தேதியாக இல்லாமல் ‘இத்தனை நாளுக்குள்’ என்றாகிவிடுகிறது. அந்த நாள்களில் வெளியில் தங்கும் செலவையும் குறைந்த தொகையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

தொகையும் இரு வகைப்படும். நேரில் வந்தோ வீடியோ அழைப்பிலோ சாமான்களைப் பார்த்து, பட்டியல் போட்டு, இதற்கு மேல் வாங்க மாட்டோம் என்று எழுதித் தருவது ஒன்று. தொலைபேசியில் ‘இரண்டு படுக்கையறை வீடா, இவ்வளவு ஆகும்’ என்று உத்தேசமாகச் சொல்வது மற்றொன்று. பிந்தையது ஏற்றிய பிறகு ஏறும். சாமான் முழுவதும் லாரிக்குள் போன பின்பு, அளவு கூடிவிட்டது, கூடுதல் தந்தால்தான் இறக்குவோம் என்று மிரட்டும் ஏமாற்றுக்காரர்கள் இந்தத் தொழிலில் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். மற்றவர்கள் சொல்வதில் பாதி விலைக்கு ஒருவர் வந்தாலோ, முன்பணமாகப் பெரும் பங்கைக் கேட்டாலோ, ஒப்பந்தத்தில் முகவரியும் பதிவு விவரமும் இல்லாவிட்டாலோ விலகிவிடுவதே நல்லது.

முழுச் சேவை என்ற பெயரில் அடங்காதவையும் நிறைய உண்டு. ஸ்பிலிட் ஏசியைக் கழற்றுவது தனிக் கட்டணம். அதைச் செய்யத் தெரிந்தவர், குளிர்வாயுவை முழுவதும் வெளி யூனிட்டுக்குள் இழுத்து வால்வை மூடிய பிறகே குழாயைக் கழற்றுவார். தெரியாதவர் நேரடியாகக் கழற்றினால் வாயு வெளியேறிவிடும். புது வீட்டில் வாயு நிரப்பும் செலவும், பெரும்பாலும் செம்புக் குழாய்ச் செலவும் வந்து சேரும். ஆர்-32 போன்ற வாயுக்கள் லேசாகத் தீப்பற்றக்கூடியவை என்பதால் இது செலவோடு மட்டும் முடியும் விஷயமும் அல்ல. கேஸ் சிலிண்டர், பெயின்ட், ஆசிட், மண்ணெண்ணெய் போன்றவற்றைப் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். நகை, பணம், ஆவணங்களுக்குப் பொறுப்பேற்கவும் மாட்டார்கள். ‘பிரித்து வைப்பது’ என்பதும் பல ஒப்பந்தங்களில் கட்டிலைப் பூட்டுவதோடு நின்றுவிடும். எதையெல்லாம் பிரிப்பார்கள், காலிப் பெட்டிகளைத் திரும்ப எடுத்துச் செல்வார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: குழு வேகமாகக் கட்டும், எது வேண்டும் எது வேண்டாம் என்று பார்க்காது. குப்பைக் கூடையைக் காலி செய்ய மறந்தால் அது குப்பையோடு பத்திரமாகப் புது வீட்டுக்கு வந்து சேரும்.

ஏற்றும்போது தரப்படும் சாமான் பட்டியலில் ‘கீறல் உள்ளது’, ‘நசுங்கியுள்ளது’ என்று குழுவின் தலைவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். புத்தம் புதிய மேசைக்கு நேராகக் ‘கீறல்’ என்று இருந்தால், பின்னால் விழும் கீறலுக்கு நீங்கள் எதுவும் கேட்க முடியாது. இறக்கும் நாளிலும், எல்லாம் நல்ல நிலையில் வந்தது என்ற சீட்டில் பெட்டிகளைத் திறப்பதற்கு முன் கையெழுத்துக் கேட்பார்கள். ‘உள்ளிருப்பவை சரிபார்க்கப்படவில்லை’ என்று அதன் மேலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுவது உங்கள் உரிமை.

## வழி நான்கு: விற்றுவிட்டுப் போவது

இதைத் தனி வழியாகச் சொன்னாலும், உண்மையில் மற்ற மூன்று வழிகளுக்கும் முன்னால் செய்ய வேண்டிய கணக்கு இது. நிறுவனம் சொன்ன தொகையை மொத்தக் கன அடியால் வகுத்தால், ஒரு கன அடியைக் கொண்டுபோக எவ்வளவு ஆகிறது என்பது தெரியும். பீரோவின் 29 கன அடியை அதனால் பெருக்கி, வரும் தொகையை அதே போன்றதைப் புதிதாக வாங்கும் விலையிலிருந்து பழையதை விற்றால் கிடைக்கும் விலையைக் கழித்த மீதியோடு ஒப்பிட வேண்டும். ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு: முழு வண்டியையும் உங்களுக்கென்றே பேசியிருந்தால், ஒரு பொருளை மட்டும் விற்பதால் வாடகை குறையாது. அடுத்த சிறிய வண்டியில் அடங்கும் அளவுக்குச் சாமான் குறைந்தால்தான் மிச்சம். பங்கு வண்டியிலோ, கன அடிக் கணக்கிலோ போகும்போது ஒவ்வொரு பொருளும் கணக்கில் சேரும்.

விற்க வேண்டியவற்றில் முதலிடம் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாலான அலமாரிகளுக்கும் கட்டில்களுக்கும். இவை ஒரு முறை பூட்டுவதற்கென்று செய்யப்பட்டவை. கழற்றி மீண்டும் பூட்டும்போது திருகு போகும் துளையைப் பாருங்கள்: உள்சுவர் தூள் தூளாக உதிர்ந்து துளை அகன்றிருக்கும், திருகு பிடிமானமின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். கொண்டுபோய் இறக்கிய அலமாரி நிற்கும்; ஆனால் ஆடும். தேக்குக் கட்டிலும் இரும்பு பீரோவும் அப்படியல்ல, எத்தனை முறை கழற்றினாலும் பழையபடி பூட்டலாம். அதே தரத்தில் புதிதாக வாங்கும் விலையும் அதிகம். அவற்றை விற்பது பெரும்பாலும் நட்டம்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. உலகின் ஒரு பகுதியில் வீட்டு மின்சாரம் 220 முதல் 240 வோல்ட், வேறு சில நாடுகளில் 100 முதல் 127 வோல்ட். அதிர்வெண்ணும் 50, 60 ஹெர்ட்ஸ் என்று மாறுகிறது. லேப்டாப், ஃபோன் ஆகியவற்றின் சார்ஜர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். மிக்ஸி, வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் ஆகியவற்றை அப்படி எதிர்பார்க்க முடியாது. போகும் நாட்டின் மின்சாரத்துக்கு ஒத்துவராத மோட்டார்க் கருவிகளைக் கப்பலில் ஏற்றுவது வீண்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, அவசரம். கிளம்புவதற்கு முந்தின வாரத்தில் விற்பவருக்கு விலை சொல்லும் உரிமை இல்லை. வாங்க வருபவர் உங்கள் தேதியைத் தெரிந்துகொண்டே பேரம் பேசுவார். போன இடத்திலும் அதே அவசரத்தில் வாங்க நேரிடும். கட்டில் வந்து சேரும் வரை தரையில் படுக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்பே பட்டியல் போட்டு விற்கத் தொடங்க முடியாதவர், பெரிய பொருள்களில் இரண்டு மூன்றை மட்டும் விற்றால் போதும்.

## நான்கையும் அருகருகே வைத்தால்

| | நீங்களே எல்லாம் | கட்டுவது நீங்கள், சுமப்பது அவர்கள் | முழுச் சேவை | விற்று வாங்குவது |
|---|---|---|---|---|
| கையிலிருந்து போகும் பணம் | குறைவு | நடுத்தரம் | அதிகம் | எதை விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது |
| உங்கள் நேரமும் உழைப்பும் | மிக அதிகம் | கட்டுவதற்கு அதிகம் | குறைவு | விற்கவும் வாங்கவும் அதிகம் |
| உள்ளே உடைந்தால் பொறுப்பு | உங்களுடையது | பெரும்பாலும் உங்களுடையது | ஒப்பந்தப்படி அவர்களுடையது | கேள்வியே இல்லை |
| தேதியின் உறுதி | உங்கள் கையில் | நல்லது | தனி வண்டியானால் நல்லது, பங்கு வண்டியானால் குறைவு | புதுப் பொருள் வரும் வரை காத்திருப்பு |
| மறைந்திருக்கும் செலவு | விடுப்பு, கட்டும் பொருள், முதுகுவலி | காத்திருப்புக் கூலி, மாடிக் கூலி | ஏசி, கூடுதல் கன அடி, கிடங்கு | அவசர விற்பனை நட்டம் |
| எப்போது பொருத்தம் | குறைந்த சாமான், குறைந்த தூரம் | அதே ஊர், கட்ட நேரம் உள்ளவர் | வெளியூர், நேரமில்லாதவர் | வெளிநாடு, மலிவான பலகை அறைகலன் |

## கலந்து செய்வது

அட்டவணையில் எதாவது ஒரு பத்தியை முழுதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. என்னைக் கேட்டால், அதே ஊருக்குள் மாறும் நடுத்தரக் குடும்பத்துக்கு இரண்டாம் வழியையும் மூன்றாம் வழியையும் கலந்து செய்வதையே சொல்வேன். துணிமணி, படுக்கை, புத்தகம், எவர்சில்வர் பாத்திரம், பொம்மை ஆகியவை உடையாதவை. அவற்றை நீங்கள் கட்டினால் யார் பொறுப்பு என்ற கேள்வியே எழாது. பெட்டிகளின் எண்ணிக்கையில் பெரும்பகுதி இவைதான். கண்ணாடி, பீங்கான், டிவி, கழற்றிப் பூட்டும் கட்டில் ஆகியவற்றை அவர்கள் கட்டட்டும். நிறுவனங்கள் பெரும்பாலும் இதற்கு ஒத்துக்கொள்ளும். ‘உடையும் பொருள்களை மட்டும் நீங்கள் கட்டினால் எவ்வளவு’ என்று கேட்பவர்தான் குறைவு. ஒப்பந்தத்தில் யார் கட்டிய பெட்டிகள் எவை என்று எண்ணிட்டுக் குறித்துவிட வேண்டும்.

சில பொருள்களை எந்த வழியில் போனாலும் வேலை தெரிந்தவர் மேற்பார்வையிலேயே ஏற்ற வேண்டும். ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, பனி உருகி வடிந்த பிறகு நிமிர்த்தியபடியே கொண்டுபோக வேண்டும்; படுக்க வைத்தால் கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் குளிர்வாயுக் குழாய்களுக்குள் போய்விடும். வேறு வழியின்றிச் சாய்க்க நேர்ந்தால், புது வீட்டில் பல மணி நேரம் நிமிர்ந்து நின்ற பிறகே மின்சாரம் கொடுக்கலாம். முன்புறம் திறக்கும் வாஷிங் மெஷினின் டிரம், பயணத்தில் ஆடாமல் இருக்க அதன் பின்புறத்தில் பொருத்தும் நீண்ட போல்ட்டுகள் வாங்கும்போதே தரப்பட்டிருக்கும். அவற்றை எங்கே வைத்தீர்கள் என்று ஒரு வாரம் முன்பே தேடத் தொடங்குங்கள். பெரிய டிவியைத் தட்டையாகப் படுக்க வைக்காமல் நிற்கவைத்தே எடுத்துச் செல்ல வேண்டும். ஆவணங்கள், நகை, மருந்துகள், ஹார்ட் டிஸ்க், முதல் இரவுக்கான படுக்கை விரிப்பு, சார்ஜர்கள் ஆகியவை யாருடைய வண்டியிலும் ஏறாமல் உங்கள் கையோடு வர வேண்டியவை.

முடிவெடுக்கும் வரிசையும் முக்கியம். முதலில் இரு சாவிகளின் தேதிகள், அடுத்து எதை விற்பது, அதன் பிறகு மிஞ்சிய சாமான்களின் கன அடிக் கணக்கு, கடைசியில்தான் விலை. இந்த வரிசை மாறி விலையில் தொடங்கினால், விற்கப்போகும் பொருளுக்கும் சேர்த்து விலை பேசிவிடுவோம். விலை கேட்கும்போது எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே சாமான் பட்டியலையும், இரு வீடுகளின் மாடி, லிஃப்ட், வண்டி நிற்கும் தூரம் ஆகியவற்றையும் எழுத்தில் கொடுங்கள். வேறு வேறு பட்டியலுக்கு வந்த விலைகளை ஒப்பிட முடியாது. பட்டியலில் இல்லாத ஒரு பொருள் அன்று கூடுதலாக ஏறினால் கன அடிக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.